பொதுத் தொகுதியில் வென்ற நாமசூத்திரர்: ஜோகேந்திரநாத் மண்டலின் தேர்தல் வாழ்வு

தலித்–முஸ்லிம் அரசியல் ஒற்றுமை குறித்து எங்கே பேச்சு எழுந்தாலும், அதை மறுப்போர் முதலில் எடுத்து வைக்கும் பெயர் ஜோகேந்திரநாத் மண்டல். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராக இருந்து, 1950 அக்டோபரில் பதவி விலகல் கடிதம் அனுப்பிவிட்டு இந்தியாவில் தங்கிவிட்டவர் என்பதே அவரைப் பற்றி அவர்களுக்குத் தேவைப்படும் செய்தி. குடியுரிமைத் திருத்தச் சட்டம் விவாதிக்கப்பட்ட நாட்களில் அந்தக் கடிதம் கைப்பேசிகளில் சுற்றியது. 2020 பிப்ரவரியில் பிரதமரே மக்களவையில் மண்டலின் பெயரைக் குறிப்பிட்டார். கடிதத்துக்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றி அவர்களில் எவரும் பேசுவதில்லை. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் மண்டல் எந்தத் தொகுதியில் நின்றார், யாருடைய வாக்கில் வென்றார், சட்டமன்றத்தில் அவர் கையிலிருந்த உறுப்பினர் எண்ணிக்கையை எதற்காகச் செலவிட்டார் என்ற கேள்விகளுக்கு விடை கண்டால்தான் கடிதமே விளங்கும்.

கிழக்கு வங்கத்தின் பாகர்கஞ்ச் மாவட்டம், பாரிசால் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆறுகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த பகுதி. அம்மாவட்டத்தின் கௌர்நதி வட்டாரத்து மைஸ்தர்காந்தி என்னும் சிற்றூரில் 1904 ஜனவரி 29 அன்று நாமசூத்திர உழவர் குடும்பத்தில் மண்டல் பிறந்தார். நாமசூத்திரர்கள் அன்றைய வங்கத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். பாரிசால், பரித்பூர், ஜெஸ்ஸூர், குல்னா, டாக்கா மாவட்டங்களின் தாழ்நிலங்களை வெட்டித் திருத்தி வயலாக்கியவர்கள் அவர்களே. நிலம் பெரும்பாலும் சாதி இந்து ஜமீன்தார்களுடையது. உழைப்பும் வாரமும் இவர்களுடையவை. அரசு ஏடுகளில் நெடுங்காலம் இவர்களுக்குச் சண்டாளர் என்றே பெயர். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாமசூத்திரர் என்ற பெயரைப் போராடிப் பெற்றார்கள்.

மண்டலுக்கு முன்னரே அங்கே ஓர் இயக்கம் வேரூன்றியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது. 1872–73இல் பரித்பூர்ப் பகுதி நாமசூத்திரர்கள் சாதி இந்துக்களின் வயலிலும் வீட்டிலும் வேலை செய்ய மறுத்து மாதக்கணக்கில் ஒத்துழையாமை நடத்தினர். ஒராகாந்தி ஊரைச் சேர்ந்த ஹரிசந்த் தாக்கூர் தோற்றுவித்த மதுவா சமய இயக்கத்தை அவர் மகன் குருசந்த் தாக்கூர் பள்ளிக்கூட இயக்கமாக மாற்றினார். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தில் இம்மக்கள் சேரவில்லை. ஜமீன்தாரும் வழக்குரைஞரும் தலைமை தாங்கிய இயக்கத்தில் தங்களுக்கு என்ன பங்கு என்று குருசந்த் தலைமுறை கேட்டது. இந்தக் கேள்வியோடு வளர்ந்த ஊர்களிலிருந்து வந்தவர் மண்டல்.

பாரிசாலின் பிரஜமோகன் கல்லூரியில் படித்து 1929இல் பட்டம் பெற்றார். கல்கத்தாவில் சட்டம் பயின்று 1934இல் முடித்தார். சிறிது காலம் கல்கத்தாவில் தொழில் பழகிவிட்டுப் பாரிசாலுக்கே திரும்பி வழக்குரைஞராக அமர்ந்தார். அந்தக் கல்லூரியை நிறுவியவர் சுதேசி இயக்கத்தின் பெருந்தலைவர் அஸ்வினி குமார் தத்தா. இந்தச் சிறு செய்தியை ஒரு காரணத்துக்காகவே சொல்கிறேன். 1937 தேர்தலில் மண்டல் எதிர்த்து நின்றது அந்த அஸ்வினி குமாரின் உறவினரை.

1935 இந்திய அரசுச் சட்டத்தின்படி வங்கச் சட்டமன்றத்துக்கு 250 இடங்கள். முஸ்லிம்களுக்கு 117, ஐரோப்பியர், வணிகச் சங்கங்கள், ஜமீன்தார்கள், தொழிலாளர் முதலியோருக்குச் சில இடங்கள், பொதுத் தொகுதிகள் 78. இந்த 78க்குள் 30 இடங்கள் பூனா ஒப்பந்தப்படி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. சென்னை மாகாணத்துக்கும் அதே 30 தான். வங்கத்துச் சாதி இந்துத் தலைவர்களுக்கு இந்த எண் பெரும் எரிச்சலை ஊட்டியது. பூனா ஒப்பந்தத்தில் வங்கத்தின் கருத்தைக் கேட்கவில்லை என்று ஆண்டுக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பட்டியல் சாதி வேட்பாளர் என்றால் ஒதுக்கீட்டு இடத்தில்தான் நிற்பார் என்பது அன்றும் எழுதப்படாத விதி. இன்றும் அதுவே விதி. பெரிய கட்சிகள் பொதுத் தொகுதியில் தலித் ஒருவரை நிறுத்துவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? 1937இல் மண்டல் எந்தக் கட்சியின் துணையுமின்றிச் சுயேச்சையாக, பாகர்கஞ்ச் வடகிழக்கு என்னும் பொதுத் தொகுதியில் நின்றார். எதிரே நின்ற சரள் குமார் தத்தா காங்கிரஸ்காரர், நிலவுடைமைக் குடும்பத்தவர், அஸ்வினி குமாரின் சகோதரர் மகன். பணம், குடும்பப் பெயர், கட்சி மூன்றும் அவர் பக்கம். வென்றவர் மண்டல். வங்கத்தில் ஒதுக்கீடு இல்லாத இடத்தில் அத்தேர்தலில் வென்ற ஒரே பட்டியல் சாதி வேட்பாளர் அவர்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அன்று முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் இருந்தன. முஸ்லிம் வாக்காளர் பொதுத் தொகுதியில் வாக்களிக்க இயலாது. ஆகவே பாகர்கஞ்ச் வடகிழக்கில் மண்டலுக்கு விழுந்த வாக்குகள் முஸ்லிம்களுடையவை அல்ல. பெரும்பகுதி நாமசூத்திர உழவர்களுடையவை, மீதி ஜமீன்தார் குடும்பத்தின் மீது கசப்புக் கொண்ட பிற இந்துக்களுடையவை. பின்னாளில் முஸ்லிம் லீகின் ஆள் என்று பழிக்கப்பட்டவர் தம் தேர்தல் வாழ்வின் இரு வெற்றிகளையும், 1937, 1946 இரண்டையும், முஸ்லிம் வாக்கு ஒன்றுகூட இல்லாமல் பெற்றார். அவரைத் தூற்றும் கட்டுரைகள் இந்தச் செய்தியை ஒருபோதும் தொடுவதில்லை.

சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது மண்டலுக்கு வயது 33. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத அவை அது. பஸ்லுல் ஹக்கின் கிருஷக் பிரஜா கட்சியும் முஸ்லிம் லீகும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. அமைச்சரவையில் முகுந்த பிஹாரி மல்லிக் போன்ற பட்டியல் சாதி அமைச்சர்கள் இருந்தபோதும், கல்விக்கும் வேலைக்கும் தந்த வாக்குறுதிகள் நகரவில்லை. 1938இல் மண்டலும் ஹேமச்சந்திர நஸ்கரும் பிற உறுப்பினர்களும் சேர்ந்து சுயேச்சைப் பட்டியல் சாதிக் கட்சி என ஒரு சட்டமன்றக் குழுவை அமைத்து எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹக் அமைச்சரவை மீது கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாகக் காங்கிரசோடு சேர்ந்து வாக்களித்தனர். ஐரோப்பிய உறுப்பினர்களின் வாக்குகளே அமைச்சரவையைக் காப்பாற்றின.

இருபது, முப்பது பேர் ஒன்றாக நின்றால் எந்த அமைச்சரவையையும் ஆக்கலாம், கலைக்கலாம் என்று மண்டல் கற்றுக்கொண்ட இடம் அந்த வாக்கெடுப்பு என்று கருதுகிறேன். அதன் பின் அவர் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை இந்தக் கணக்குத்தான்.

முதலில் அவர் நெருங்கியது காங்கிரசிலிருந்த போஸ் சகோதரர்களை. சரத் சந்திர போஸ், சுபாஷ் சந்திர போஸ் இருவருடனும் இணைந்து செயல்பட்டார். 1940இல் சுபாஷ் தரப்பின் ஆதரவோடு கல்கத்தா மாநகராட்சி உறுப்பினரானார். அவ்வாண்டு மாநகராட்சியில் சுபாஷ் தரப்பும் முஸ்லிம் லீகும் உடன்பாடு செய்துகொண்டன என்பதை நினைவிற்கொள்வோம். காங்கிரஸ் மேலிடம் போஸ் சகோதரர்களை ஒதுக்கிய பிறகு, வங்கக் காங்கிரசில் பட்டியல் சாதி உழவருக்காகப் பேசும் தலைமை எதுவும் மண்டலின் கண்ணில் படவில்லை. 1941 டிசம்பரில் ஹக் தம் இரண்டாம் அமைச்சரவையை அமைத்தபோது அதில் நிதி அமைச்சராக அமர்ந்தவர் இந்து மகாசபையின் ஷ்யாம பிரசாத் முகர்ஜி. லாகூர்த் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அதே பஸ்லுல் ஹக் தான். சிந்துவிலும் வடமேற்கு எல்லை மாகாணத்திலும் மகாசபையினர் லீக் தலைமையிலான அமைச்சரவைகளில் பங்கேற்றனர். லீகுடன் கூட்டு என்பது குற்றமானால் அந்தக் குற்றப்பத்திரிகையில் மண்டலின் பெயருக்கு மேலே பல பெயர்கள் எழுதப்பட வேண்டும்.

1943 மார்ச் இறுதியில் ஹக் பதவி விலகினார். அடுத்த அமைச்சரவை அமைக்கக் க்வாஜா நஜிமுத்தீனுக்குப் பட்டியல் சாதி உறுப்பினர்களின் வாக்கு தேவைப்பட்டது. மண்டல் 21 உறுப்பினர்களைத் திரட்டி, நிபந்தனைகளை முன்வைத்தார். அமைச்சரவையில் மூன்று பட்டியல் சாதி அமைச்சர்கள்; பட்டியல் சாதிக் கல்விக்கென ஆண்டுதோறும் ஐந்து இலட்சம் ரூபாய்; அரசுப் பணி நியமனங்களில் வகுப்புவாரி விகிதத்தைத் தளர்வின்றி நடைமுறைப்படுத்துதல். முந்தைய அமைச்சரவையில் இருந்த பட்டியல் சாதி அமைச்சர் ஒருவர் மட்டுமே. 1943 ஏப்ரல் 24 அன்று பதவியேற்ற அமைச்சரவையில் மண்டல், பிரேமஹரி பர்மன், புலின் பிஹாரி மல்லிக் மூவரும் இடம்பெற்றனர். கூட்டுறவுக் கடன், ஊரகக் கடன்சுமை ஆகிய துறைகள் மண்டலிடம் வந்தன. கந்துவட்டியில் மூழ்கிய ஊர்களிலிருந்து வந்த ஒருவருக்குப் பொருத்தமான துறை.

அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1943 பஞ்சத்தில் வங்கத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 30 இலட்சம் எனப் பல ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். செத்தவர்களில் கூலி உழவரும் மீனவரும் படகோட்டிகளும் மிகுதி. அதாவது மண்டலின் வாக்காளர்கள் மிகுதி. போர்க்காலத்தில் படகுகளைப் பறிமுதல் செய்ததும் நெல்லை அப்புறப்படுத்தியதும் பிரிட்டிஷ் அரசு. உணவு வழங்கல் துறை சுஹ்ரவர்தியிடம் இருந்தது. ஆயினும் அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு. மூன்று அமைச்சர் பதவியும் ஐந்து இலட்சமும் பெற்றுத் தந்த பேரத்தைப் போற்றுகிற நம் தோழர்கள், அந்தப் பதவிகள் பஞ்சத்தின்போது எதைத் தடுத்தன என்ற கேள்வியை மண்டலிடம் கேட்பதே இல்லை. அவரை மகாப்ராண் என்று வணங்குவதைவிட இக்கேள்வியைக் கேட்பது அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. 1945 மார்ச்சில் வேளாண் மானியக் கோரிக்கை மீதான வாக்கெடுப்பில் அந்த அமைச்சரவை வீழ்ந்தது.

இதற்கிடையே மண்டல் இன்னொரு வேலையைத் தொடங்கியிருந்தார். 1942 ஜூலையில் நாக்பூரில் அம்பேத்கரின் முன்முயற்சியில் அனைத்திந்தியப் பட்டியல் சாதிக் கூட்டமைப்பு உருவானது; அதற்குத் தலைவரானவர் சென்னையைச் சேர்ந்த என்.சிவராஜ். அக்கூட்டமைப்பின் வங்கக் கிளையை மண்டல் நிறுவினார். சட்டமன்றக் குழுவாக இருந்ததை ஊர்தோறும் கிளையுள்ள கட்சியாக மாற்ற முனைந்தார். ஆனால் காலம் போதவில்லை. 1946 தொடக்கத்தில் தேர்தல் வந்துவிட்டது.

அத்தேர்தலைப் புரிந்துகொள்ளப் பூனா ஒப்பந்தத்தின் வாக்களிப்பு முறையைப் பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டு இடத்துக்கு நான்குக்கு மேற்பட்ட பட்டியல் சாதி வேட்பாளர்கள் போட்டியிட்டால், முதலில் பட்டியல் சாதி வாக்காளர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தெரிவு செய்வார்கள். பின்னர் அந்த நால்வரில் ஒருவரைத் தொகுதியின் எல்லாப் பொது வாக்காளரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றில் தம் மக்களின் வாக்கில் முதலிடம் பெற்றவர், இரண்டாம் சுற்றில் சாதி இந்து வாக்குகளால் தோற்கடிக்கப்படலாம். நால்வருள் காங்கிரஸ்காரர் ஒருவர் இருந்தால் காங்கிரசுக்குப் போதும். நாடெங்கும் மாகாணச் சட்டமன்றங்களில் இருந்த 151 ஒதுக்கீட்டு இடங்களில் 1946இல் கூட்டமைப்பு வென்றவை இரண்டு. ஒன்று மத்திய மாகாணத்தில். மற்றொன்று வங்கத்தில் மண்டல் வென்ற இடம். வங்கத்தின் 30 இடங்களில் மிகப் பெரும்பாலானவை காங்கிரசுக்குப் போயின.

ஆக, 1943இல் 21 பேரைக் கூட்டி வந்த மண்டல், 1946இல் தம் கட்சியின் ஒரே உறுப்பினர். முன்பு அவரிடம் எண்ணிக்கை இருந்தது, கட்சி இல்லை. இப்போது கட்சி இருந்தது, எண்ணிக்கை இல்லை. சுஹ்ரவர்தி அமைத்த லீக் அமைச்சரவையில் ஏப்ரலில் சேர்ந்து நீதி, சட்டமியற்றல், பொதுப்பணித் துறைகளை ஏற்றார். பேரம் பேசும் வலு போன பிறகு கிடைக்கும் பதவி வேறு வகைப்பட்டது. லீகுக்குத் தாம் முஸ்லிம்களுக்கு மட்டுமான கட்சி இல்லை என்று காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. மண்டலுக்கு அமைச்சரவையில் ஒரு நாற்காலி தேவைப்பட்டது.

இருந்த ஒற்றை வாக்கை வைத்துக்கொண்டு அவர் செய்த ஒரு செயல், இந்தியக் குடியரசின் வரலாற்றில் அழியாமல் நிற்கிறது. 1946 ஜூலையில் அரசமைப்பு நிர்ணய மன்றத்துக்கான தேர்தல் நடந்தது. மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் பொது, முஸ்லிம் எனத் தனித்தனியே கூடி, ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அம்பேத்கரின் சொந்த மாகாணமான பம்பாயில் கூட்டமைப்புக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. காங்கிரஸ் அவரை அனுப்ப விரும்பவில்லை. கல்கத்தா வந்த அம்பேத்கர் ஐரோப்பிய உறுப்பினர்களின் வாக்குகளை நாடிப் பார்த்தார். அவர்களோ நிர்ணய மன்றத் தேர்தலில் வாக்களிப்பதே இல்லை என்று முடிவு செய்துவிட்டனர்.

வங்கத்தின் பொதுப் பிரிவுக்கு 27 இடங்கள். வாக்களிக்கும் உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் ஓர் இடத்தைப் பெற நான்கைந்து முதல் விருப்ப வாக்குகள் போதும். அந்த நான்கைந்து வாக்குகளைத் தேடுவதுதான் மண்டல் முன் இருந்த வேலை. கூட்டமைப்பின் வாக்கு அவருடையது மட்டும். எஞ்சியவை காங்கிரஸ் சின்னத்தில் வென்றவர்களிடமிருந்தும் சுயேச்சைகளிடமிருந்தும் வர வேண்டும். கட்சிக் கட்டளையை மீறினால் அடுத்த தேர்தலில் இடம் கிடைக்காது என்பது அந்த உறுப்பினர்களுக்குத் தெரியும். மண்டலும் அவருடைய தோழர்களும் ஒவ்வொருவராகச் சந்தித்து வாக்கைத் திரட்டினார்கள். நாமசூத்திரர் மட்டுமன்றி வட வங்கத்து ராஜ்பன்சி உறுப்பினர்களின் ஆதரவும் சேர்ந்தது. அம்பேத்கர் வங்கத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓராண்டுக்குப் பின் பிரிவினையால் அந்த இடம் இல்லாமல் போனது. ஜெயகர் விலகிய காலியிடத்தில் பம்பாயிலிருந்து காங்கிரசே அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. ஆனால் 1946 டிசம்பரில் நிர்ணய மன்றத்தில் அவர் ஆற்றிய முதல் உரையும், காங்கிரஸ் தலைமை அவரைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கியதும், வங்கத்து இடம் இல்லாவிட்டால் நடந்திருக்க வழியில்லை.

அதே ஆண்டின் மறுபக்கம் கொடியது. 1946 ஆகஸ்ட் 16 அன்று லீக் அறிவித்த நேரடி நடவடிக்கை நாளில் கல்கத்தாவில் தொடங்கிய படுகொலைகள் நாட்கணக்கில் நீண்டன. சுஹ்ரவர்தி பதவி விலக வேண்டும் என்று குரல் எழுந்தது. மண்டல் விலகவில்லை. செப்டம்பரில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது ஆங்கிலோ இந்திய உறுப்பினர் நால்வரையும் பட்டியல் சாதி உறுப்பினர் நால்வரையும் அமைச்சரவையின் பக்கம் கொண்டு வந்து அதைக் காப்பாற்றியதாகப் பின்னாளில் அவரே எழுதினார். அக்டோபரில் நவகாளியில் இந்துக்கள் தாக்கப்பட்டனர். அவர்களுள் நாமசூத்திரர்களும் இருந்தனர். அதே மாதம் மத்திய இடைக்கால அரசுக்கு லீக் அனுப்பிய ஐவருள் ஒருவராக மண்டல் டெல்லி சென்று சட்டத் துறையை ஏற்றார். வகுப்புக் கலவரத்தில் ஜமீன்தார்களின் சண்டைக்காக நம் உழவன் சாகக்கூடாது என்பது அவர் வாதம். வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் கொலை நடந்த மாதங்களில் அந்த அமைச்சரவையின் ஆயுளை நீட்டித்ததற்கு அந்த வாதம் போதுமான விடை என்று எனக்குத் தோன்றவில்லை. கல்கத்தாவின் சாதி இந்து ஏடுகள் அவரை ஜோகன் அலி முல்லா என்று எள்ளின. அந்தப் பட்டப்பெயரில் இருந்தது கொலைகள் குறித்த அறச்சீற்றம் மட்டும் என்று நம்ப முடியவில்லை. 1937இல் தோற்றவர்களின் வஞ்சமும் கலந்திருந்தது.

வங்கப் பிரிவினையை அவர் எதிர்த்தார். 1947 ஜூன் 20 அன்று சட்டமன்றம் இரு பகுதிகளாகக் கூடி வாக்களித்தது. மேற்குப் பகுதி உறுப்பினர்கள் பிரிவினைக்கு ஆதரவாக 58, எதிராக 21. கிழக்குப் பகுதியினர் பிரிவினைக்கு எதிராக 106, ஆதரவாக 35. மேற்குப் பகுதியின் வாக்கே முடிவைத் தீர்மானித்தது. காங்கிரஸ் பட்டியல் சாதி உறுப்பினர்களில் பலர் பிரிவினையை ஆதரித்தார்கள். குருசந்தின் பேரன் பிரமத ரஞ்சன் தாக்கூரும் அவர்களோடு நின்றார். நாமசூத்திரர் வாழ்ந்த பாரிசால், பரித்பூர், குல்னா மாவட்டங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. பிரிவினை கேட்டவர்கள் மேற்கு வங்கத்தில் தங்கள் மாகாணத்தைப் பெற்றார்கள். வயலும் படகும் கிழக்கே கிடந்த நாமசூத்திர உழவர்கள் எதையும் பெறவில்லை. மண்டல் தம் வாக்காளர்கள் இருந்த பக்கம் தங்கினார் என்பதே அவர் பாகிஸ்தான் சென்றதன் நேரான விளக்கம். ஜின்னா மீது கொண்ட நம்பிக்கை அதற்கு அடுத்தது.

1947 ஆகஸ்ட் 10 அன்று கராச்சியில் கூடிய பாகிஸ்தான் அரசமைப்பு மன்றத்தின் முதல் அமர்வுக்குத் தற்காலிகத் தலைவராக அமர்ந்தவர் மண்டல். பின்னர் சட்டம், தொழிலாளர் துறைகளின் அமைச்சரானார். இரு நாடுகளுக்கும் முதல் சட்ட அமைச்சர் தீண்டப்படாத சாதியில் பிறந்தவர். இருவரும் ஒரே கட்சியின் தலைவர்கள். இந்தப் பொருத்தத்தை வியப்போடு சொல்பவர்கள், அவ்வாண்டு நவம்பரிலேயே இருவரும் கருத்தளவில் பிரிந்துவிட்டதைச் சொல்வதில்லை. பாகிஸ்தானில் சிக்கிய பட்டியல் சாதியினர் எப்படியாவது இந்தியாவுக்கு வந்துவிட வேண்டும், லீகை நம்பக்கூடாது என்று அம்பேத்கர் வெளிப்படையாக அறிக்கை விட்டார். துப்புரவுப் பணி இன்றியமையாத சேவை என்று கூறிச் சிந்துவில் தூய்மைத் தொழிலாளர்கள் வெளியேற விடாமல் தடுக்கப்படுவதை நேருவுக்கு எழுதிக் கண்டித்தார். மண்டல் அமைச்சராக அமர்ந்திருந்த அரசின் கீழ் நடந்தது இது.

கராச்சியில் அவருக்கு வாக்கு வங்கி இல்லை, சட்டமன்றக் குழு இல்லை, பேரம் பேச 21 பேர் இல்லை. 1948 செப்டம்பரில் ஜின்னா மறைந்தார். 1949 டிசம்பரில் குல்னா மாவட்டத்துக் கால்சிரா ஊரில் போலீசும் சுற்றுப்புறத்தாரும் நாமசூத்திரர்களைத் தாக்கினர். மண்டல் நேரில் சென்று பார்த்தார். 350 வீடுகளில் மூன்றைத் தவிர அனைத்தும் இடிந்து கிடந்ததாகப் பதிவு செய்தார். 1950 பிப்ரவரியில் டாக்காவிலும் பாரிசாலிலும் கலவரம் பரவியது. கொல்லப்பட்டவர் எண்ணிக்கை 10,000 இருக்கும் என்பது அவர் கணிப்பு. ஏப்ரலில் நேரு–லியாகத் உடன்படிக்கை கையெழுத்தான பின்னும் மக்கள் வெளியேறுவது நிற்கவில்லை. அக்டோபர் 8 அன்று, கல்கத்தாவில் இருந்தபடி, லியாகத் அலி கானுக்குப் பதவி விலகல் கடிதம் எழுதினார்.

கடிதத்தை முழுதும் படிப்பவர்கள் அதன் முற்பகுதியில் 1943 நிபந்தனைகள் குறிப்பிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றாத தரப்பினர் மீது வழக்குரைஞர் ஒருவர் தொடுத்த வழக்கு மனுவைப் போன்றது அது. இன்று அதைப் பகிர்பவர்கள் கலவரப் பத்திகளை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். முஸ்லிம் உழவரும் நாமசூத்திர உழவரும் ஒரே பொருளாதார நிலையில் இருந்ததால்தான் லீகுடன் சேர்ந்தேன் என்று அவர் தரும் காரணம் விட்டுப்போகிறது. சாதி இந்துத் தலைமையின் மீது அவர் வைத்திருந்த மதிப்பீட்டை அவர் அதில் திரும்பப் பெறவும் இல்லை.

மேற்கு வங்கத்தில் அவர் வாழ்ந்த பதினெட்டு ஆண்டுகளில் பொதுத் தேர்தல்களில் மீண்டும் மீண்டும் நின்றார். ஒரு முறையும் வெல்லவில்லை. லீகில் இருந்தவர் என்ற பழி ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், அவருடைய தொகுதியே இல்லாமல் போனது. 1937இல் அவரை வெல்லவைத்தது ஒரே மாவட்டத்தில் அடர்ந்து வாழ்ந்த நாமசூத்திர வாக்கு. சாதி இந்து அகதிகள் 1947ஐ ஒட்டி வந்து கல்கத்தாவைச் சுற்றிக் குடியேற்றங்களை அமைத்துக்கொண்டனர். நாமசூத்திரர்கள் பெரும்பாலும் 1950க்குப் பின் வந்தார்கள். கையில் ஒன்றுமில்லாமல் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பின்னர் அந்தமானுக்கும், 1958 முதல் தண்டகாரண்யத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். ஒரு சமூகத்தை மூன்று நான்கு மாநிலங்களுக்குப் பங்கிட்டால் அதற்கு எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை இராது. மண்டல் இதை உணர்ந்திருந்தார். அகதிகளை மேற்கு வங்கத்துக்கு வெளியே அனுப்பக்கூடாது என்று முகாம்களில் போராட்டம் நடத்தியவர்களில் அவரும் ஒருவர். அகதிகள் இயக்கத்தின் தலைமையோ பெரும்பாலும் இடதுசாரிக் கட்சிகளைச் சேர்ந்த சாதி இந்துக்களிடம் இருந்தது. அங்கே வர்க்கம் பேசப்பட்டது, சாதி பேசப்படவில்லை.

காங்கிரசில் தொடர்ந்த பிரமத ரஞ்சன் தாக்கூர் இருபத்து நான்கு பர்கானா மாவட்டத்தில் தாக்கூர்நகரை உருவாக்கி, மதுவா அடியார்களை அங்கே திரட்டி, மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்கும் பின்னர் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சமயத் திருவிழாவும் குருபீடமும் சிதறிய மக்களை ஆண்டுக்கொரு முறையாவது ஓரிடத்தில் கூட்டின. மண்டலிடம் அப்படி ஒன்று இல்லை. அவரிடம் இருந்தது கட்சிக் கிளைகள் மட்டும். அவையும் எல்லைக்கு அப்பால் கிடந்தன. கூட்டமைப்பு கலைந்து குடியரசுக் கட்சி உருவான பிறகு அதன் மேற்கு வங்க வேலைகளில் ஈடுபட்டார். 1967 தேர்தலிலும் தோற்றார். அடுத்த ஆண்டு, இடைக்காலத் தேர்தலுக்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தபோது, 1968 அக்டோபர் 5 அன்று எல்லையோர நகரமான பன்காவ்னில் காலமானார். அங்கிருந்து பாரிசால் சாலை வழியே ஒரு நாள் பயணத் தொலைவுதான். பதவி விலகல் கடிதம் எழுதிய பின் அவர் அந்த எல்லையைக் கடந்து ஊர் திரும்பவில்லை.